கிளிப் தானாகக் கழலாது

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அக்கா ஊரில் நீயும் பாப்பாவும் சுகம்தானே? போனில் கூப்பிட்டால் நீ "ம்" என்பதற்கு மேல் வாயைத் திறப்பதில்லை. எனக்கோ பட்டறைச் சத்தத்துக்கு நடுவே கத்திக் கத்தியே தொண்டை பழகிவிட்டது. நான் பேசினால் பக்கத்து வீட்டுக்குச் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்று உன் அத்தை போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால் பேனாவை எடுத்தேன்.

அத்தைக்கு முழங்கால் வலி பழையபடியே. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள். உங்கள் அறை பூட்டியே கிடக்கிறது. உன் வீட்டுக்காரன் கீழே கூடத்தில்தான் படுக்கிறான்.

பட்டறை நன்றாக ஓடுகிறது. தாத்தா என்ன வேலை செய்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டார்களாமே, பாப்பா ஸ்பிரிங் என்று சொல்லிப் பேனாவைக் கழற்றிக் காட்டினாளாமே! அது வேறு ஸ்பிரிங் என்று சொல். தாத்தா செய்வது கொசுவர்த்திச் சுருள் மாதிரித் தட்டையாகச் சுற்றியது. இஞ்ச் டேப்பை இழுத்து விட்டால் சர்ரென்று உள்ளே ஓடுகிறதே, கடை ஷட்டரைத் தூக்கினால் பாதியில் தானாக மேலே போகிறதே, சாவி கொடுத்தால் பொம்மைத் தவளை குதிக்கிறதே, எல்லாவற்றுக்குள்ளும் தாத்தாவின் கொசுவர்த்திதான். சிலவற்றில் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கார் சீட்டைச் சாய்க்கிற இடத்தில் இருப்பது போன்றவற்றில் தொடாமல் இடைவெளி விட்டு நிற்கும். இப்போது ஜெனரேட்டர் கம்பெனி ஒன்று பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறது. கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ததும் கயிறு திரும்ப உள்ளே போக வேண்டுமல்லவா, அதற்கான சுருள்.

உன் வீட்டுக்காரன் அந்த வேலையைத்தான் பார்க்கிறான். நம்புவாயா? சேல்ஸ் வேலையை விட்டுவிட்டு அப்பாவோடு கிரீஸ் கறையில் நிற்கிறான். எஃகுப் பட்டையை வெட்டி, ஓரத்தில் பிசிறு போக அரம் பிடித்து, முனையை நெருப்பில் காட்டி இளக்கி, கொக்கி வளைத்து, மெஷினில் சுருட்டி எடுக்கிறான். எல்லாம் கிளிப் அக்கா கற்றுக் கொடுத்தது. அவர்களை உனக்கு நினைவிருக்கும்; எப்போதும் பல்லிடுக்கில் ஒரு கிளிப் வைத்துக்கொண்டே பேசுவார்களே, அவர்கள்தான். சுருட்டிய சுருள் சீறிப் பிரியாதபடி கிளிப் மாட்டாமல் மெஷினிலிருந்து எடுக்கக் கூடாது, மாட்டிய கிளிப்பை இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் கழற்றக் கூடாது என்று அவனுக்குப் பாடம் எடுத்தார்கள். அவனும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "மருமக இன்னும் வரலையா?" என்றுதான் முதல் கேள்வி. ஏதோ படிப்பு படிக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்ன படிப்பு என்று கேட்டால் கை கழுவப் போய்விடுகிறேன். இத்தனை வயதுக்குமேல் சாப்பாட்டுப் பந்தியில் ஒளிந்துகொண்டு திரிகிறேன் அம்மா. வெட்கமாக இருக்கிறது.

நீ இங்கிருந்து போன புதிதில் ஒருநாள் போனில் அழுதுகொண்டே சொன்னாய். அவன் அடித்துவிட்டு, பிறகு அவனே மருந்து போட்டு, "ஏன் என்னை இப்படிப் பண்ண வைக்கிறே?" என்று கேட்பான் என்றாய். அடிக்கிறவன் மருந்து போடுவானா அம்மா? குடியில்லை, சிகரெட் இல்லை, என் எதிரில் குரலை உயர்த்திப் பேசியதில்லை. கோபத்தில் ஏதோ நடந்திருக்கும். வருத்தத்தில் உனக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்கும். உன்னைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. பாதி நடந்தது, பாதி மனக்கஷ்டம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

சுருளை இறுக்கிச் சுற்றினால்தான் அது உழைக்கும். தளர்ந்து கிடந்தால் வெறும் தகரம். குடும்பமும் அப்படித்தான் என்பது என் எண்ணம். கொஞ்சம் இறுக்கம் தாங்கத்தான் வேண்டும்.

பாப்பாவின் பரீட்சை முடிந்ததும் புறப்பட்டு வா. நான் இருக்கிறேன். என்னை நம்பி வா.

ஆசிகளுடன்,
உன் மாமா

*

அம்மா,

முதலில் ஒன்று. டிக்கெட்டை ரத்து செய்துவிடு. வராதே. மற்றதை நிதானமாகப் படி, படிக்காமல் தூக்கிப் போட்டாலும் சரி. ஆனால் வராதே.

மருமகளுக்கு என்று தொடங்கத்தான் தாளை எடுத்தேன். அந்த உறவைச் சொல்லித்தான் போன தடவை உன்னை அழைத்தேன், நீயும் என் வார்த்தையை நம்பிப் புறப்படத் தயாரானாய். அதனால் இந்தத் தடவை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை.

அத்தை உனக்குச் செய்தி அனுப்பியிருப்பாள்: வராதே, அவன் வந்தால் கதவைத் திறக்காதே, காரணத்தை மாமா எழுதுவார் என்று. நீயே சொல்லிவிடேன் என்று அவளிடம் கெஞ்சினேன். "கூப்பிட்டது நீங்க, நீங்களே சொல்லுங்க" என்று கண்ணாடியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். காலையிலிருந்து எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

அந்த ஜெனரேட்டர் ஆர்டரில் ஒரு பெட்டி முழுக்கத் திரும்பி வந்தது. நாலு தடவை கயிறு இழுப்பதற்குள் சுருளின் உள்முனைக் கொக்கி படக் படக்கென்று உடைகிறதாம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். உடைந்த இடம் சர்க்கரையைக் கொட்டியது போல் பொடிப் பொடியாக மின்னியது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. பட்டை எங்களுக்கு வரும்போதே பதம் ஏறி, விறைப்பாகத்தான் வரும். அப்படியே வளைத்தால் முறியும். அதனால் முனையை மட்டும் நெருப்பில் பழுக்கக் காட்டி, தானாக ஆற விடுவோம். அப்போதுதான் இளகி வளையும். இவன் அவசரத்தில் வளைத்த கையோடு தண்ணீரில் முக்கியிருக்கிறான். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். திட்டவில்லை, "தண்ணியக் கிட்டயே கொண்டு போகாதப்பா" என்று மட்டும்தான் சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டே, "சரிப்பா" என்றான்.

நான் கம்பெனிக்காரரிடம் பேச முன்னறைக்குப் போனேன். இன்னொரு உடைந்த துண்டு வேண்டும் என்று கேட்டார். எடுக்கலாமென்று பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தேன். டீ குடிக்க எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். கிளிப் அக்கா மட்டும் தன் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். இவன் அவர்கள் எதிரில் நின்றுகொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தான். ஏதோ சந்தேகம் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"அப்பாகிட்டப் போட்டுக் கொடுத்தது நீங்கதானே?" என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லலை தம்பி. அவருக்குப் பாத்தாலே தெரியாதா?" என்றார்கள்.

தட்டிலிருந்து சுருட்டி வைத்த சுருள் ஒன்றை எடுத்தான். குறடை எடுத்தான். சுருளை அவர்கள் முகத்துக்கு நேரே பிடித்து, கிளிப்பைக் கழற்றினான்.

கை தவறியது என்று எழுத இப்போதும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கிளிப் தானாகக் கழலாது அம்மா. குறடால் கவ்வி, நெம்பி, பலங்கொண்டு இழுத்தால்தான் வரும். அவன் நெம்பியதை நான் பார்த்தேன். அக்கா கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்கள். பட்டை சீறிக்கொண்டு பிரிந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்து, காதோரமும் வெட்டிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைத் தூங்க விடவில்லை. அவன் குறடைப் பத்திரமாக மேஜைமேல் வைத்தான். சுத்தமான துணியாகத் தேடி எடுத்தான். குழந்தையின் கையைப் பிடிப்பது போல அவர்கள் கையைப் பிடித்து, துணியை வைத்து அழுத்தினான். கண்ணில் தண்ணீர்கூட நின்றது. "ஏங்க்கா என்னை இப்படிப் பண்ண வைக்கிறீங்க?" என்று கேட்டான்.

அடிக்கிறவன் மருந்து போடுவானா என்று உனக்கு எழுதினேனே, அந்த எழுத்து அப்படியே கண்ணெதிரே வந்து நின்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். நான் பின்வாங்கி வெளியே போனேன். பிறகு, அப்போதுதான் வருகிறவன் மாதிரி, செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம் போட்டுக்கொண்டு மறுபடி உள்ளே வந்தேன். "ஐயையோ, என்னாச்சு?" என்று கேட்டேன். என் பட்டறையில், என்னிடம் வேலை செய்கிற பெண்ணின் ரத்தம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தபோது நான் நாடகம் ஆடினேன். எதற்கு? நான் பார்த்தது அவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்கு. தெரிந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். "கிளிப் நழுவிடுச்சு டாக்டர்" என்றான் இவன். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அக்காவும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, "ஆமா டாக்டர், நழுவிடுச்சு" என்றார்கள்.

நீ மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்த நாள் ஞாபகம் வந்தது. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று நீ சொன்னாய். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாய். நானும் இதே மாதிரித் தலையாட்டி, "ஆமா, அந்தத் தரை வழுக்கும்" என்று கூடவே சேர்ந்து சொன்னேன். அப்போது நான் ஒன்றும் பார்க்கவில்லை என்பது உண்மை. பார்க்க விரும்பவில்லை என்பதும் உண்மை. உன் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிவதற்கு, இன்னொரு பெண் காயத்தோடு என்னைப் பார்க்க வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாயைக்கூட நிறுத்தவில்லை. "அவ சொன்னப்பவே நான் நம்பினேன்" என்றாள். அப்புறம் ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். "நீங்க எப்பக் கேட்டீங்க? கடுதாசி எழுதி ஒட்டினப்புறம்தானே என்கிட்டச் சொன்னீங்க" என்றாள். தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

சுருளை இறுக்கினால்தான் உழைக்கும் என்று உனக்குப் புத்தி சொல்லியிருந்தேனே. இரும்பைப் பற்றிப் பேச வேண்டிய வாயால் உன்னைப் பற்றிப் பேசிவிட்டேன். அந்தக் கடிதம் உன்னிடம் இருந்தால் கிழித்துவிடு என்று சொல்லத்தான் முதலில் நினைத்தேன். வேண்டாம், வைத்துக்கொள். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள். வக்கீல் கேட்டால் காட்டு. மாவுக்கட்டு நாளைப் பற்றி எந்தக் கோர்ட்டில் வந்து சொல்லச் சொன்னாலும் வருகிறேன். அன்றைக்கு நீ சொன்னதை ஒத்துக்கொண்டது போல இல்லாமல், எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

மறுநாள் கிளிப் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர்கள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக். பெரிய உடம்பு, சின்னக் குரல். "வாங்க வாங்க, முதலாளியே வந்துட்டீங்களே" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்காரவே கூசியது. நின்றுகொண்டே சொன்னேன். "கிளிப் நழுவலை. என் பையன் கழட்டினான். நான் பாத்தேன்." அந்த மனிதர் துடைத்த துணியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவரிடமும் அக்கா நழுவியதாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்க பாத்தது எனக்குத் தெரியும்ணே" என்றார்கள் அக்கா. "வாசப்பக்கம் நிழல் விழுந்துச்சு. நிமிந்து பாத்தா நீங்க. சரி, அண்ணன் வந்துட்டாருன்னு நினைச்சேன். அப்புறம் பாத்தா ஆளைக் காணோம்." சொல்லிவிட்டுக் கட்டுப்போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார்கள். "அண்ணன்னே கூப்பிட்டுப் பழகிட்டேன். இல்லைன்னா நேத்திக்கு உங்களுக்கு வேற பேரு வெச்சிருப்பேன்" என்று சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததைத் தாங்கத்தான் முடியவில்லை அம்மா. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

எல்லோருமாகக் காவல் நிலையத்துக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் சொன்னது பொய் என்று நானே சொல்லி, பார்த்த சாட்சி என்று கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்தவர், "சொந்தப் பையன்தானே சார், யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டார். யோசித்தால் மறுபடி வெளியே போய்ச் செருப்பைத் தேய்ப்பேன், அதனால் சீக்கிரம் எழுதுங்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அவனைக் கூப்பிட்டு விசாரித்து, ஜாமீனில் விட்டார்கள். வீட்டுக்கு வந்தான். சத்தம் போடுவான், எதையாவது உடைப்பான் என்று நானும் அத்தையும் கூடத்தில் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம். அவனோ என் காலடியில் தரையில் உட்கார்ந்து, "ஏம்பா இப்படிப் பண்ணிட்டீங்க? நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்?" என்று கேட்டான். அந்தக் குரல் அவ்வளவு சாந்தமாக இருந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தப்பு என் மேல்தானோ என்று எனக்கே தோன்றிவிட்டது. நீ வருஷக்கணக்கில் அந்தக் குரலோடு ஒரே அறையில் இருந்திருக்கிறாய். எப்படி இருந்தாய் என்று எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

பட்டறைக்கு இனி வராதே என்று சொன்னேன். வீட்டை விட்டும் போகச் சொன்னது அத்தை. முழங்கால் வலியோடு எழுந்து போய், அவன் துணிமணிகளை அவளே பையில் வைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு, "அவ வரேன்னு சொல்லியிருக்காள்ல, நானே போய்க் கூட்டிட்டு வரேன். அவ வந்துட்டா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனான். நீ வருகிறாய் என்று பெருமையாக அவனிடம் சொன்னதும் நான்தான்.

ஆகவே அவன் அங்கே வருவான். கையில் பொம்மையோ பழமோ இருக்கும். அழுவான். அப்பாவே உன்னை அழைத்து வரச் சொன்னார் என்பான், என் கடிதத்தைப் பற்றிக்கூடச் சொல்லுவான். நான் சொல்லவில்லை. உன் அக்கா வீட்டுக்காரரிடம் போனில் எல்லாம் சொல்லிவிட்டேன். பாப்பாவின் பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைப்பதாகச் சொன்னார். நீங்கள் இருக்கிற பகுதிக் காவல் நிலையத்தில் கொடுக்க, இங்கே எழுதிக் கொடுத்ததன் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ அங்கே பார்த்துவந்த கண்ணாடிக் கடை வேலையை விட்டுவிட்டதாக அத்தையிடம் சொன்னாயாம். என் பேச்சைக் கேட்டுத்தானே விட்டாய். கௌரவம் பார்க்காமல் முதலாளியிடம் போய்த் திரும்பக் கேள். கூச்சமாக இருந்தால் சொல், நான் வந்து கேட்கிறேன். என் மாமனார் புத்தி கெட்டுப்போய் எழுதிவிட்டார் என்று சொல், அதே இடத்தில் நின்று ஆமாம் என்கிறேன். எனக்கு இப்போது வெட்கப்படுவது கொஞ்சம் பழகிவிட்டது.

கிளிப் அக்காவின் விரல்கள் மடங்குகின்றன. நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லையாம். ஆறிய பிறகு வருவார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை. பட்டறையைச் சில நாட்கள் பூட்டி வைத்திருக்கிறேன். சொந்தக்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று அத்தையிடம் கேட்டேன். "நடந்ததைச் சொல்லுங்க, வாய் வலிக்காது" என்றாள். நேற்று ஒருவரிடம் சொன்னேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

பாப்பாவிடம் என்ன சொல்வது என்பது உன் விருப்பம். தாத்தா நல்லவர் என்று மட்டும் எனக்காகச் சொல்லி வைக்காதே. பெரியவளானதும் அவளே பார்த்துச் சொல்லட்டும்.

என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் இருவரும் பயமில்லாமல் படுத்து, பயமில்லாமல் எழுந்திருக்க வேண்டும். கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ என்று மட்டும் நினைக்கிற நாள் உனக்குச் சீக்கிரம் வர வேண்டும் அம்மா. அதுவரைக்கும் யார் வந்து தட்டினாலும், எவ்வளவு நயமாகக் கூப்பிட்டாலும், அது நானாகவே இருந்தாலும், கதவுச் சங்கிலியை எடுக்காமல் பார்.

இப்படிக்கு,
மாமா